பதினொரு தடவை வாங்கப் போன வெல்டிங் மிஷின்

"சாரல் தொடங்கி மூன்றாம் நாள், வெள்ளிக்கிழமை, காலை ஏழு பத்து. ஆம்பியர் அண்ணாச்சி வெல்டிங் மிஷின் வாங்கச் சுரண்டைக்குப் புறப்பட்டார்."

என் நாட்குறிப்பில் உள்ள வரி இது. போன குற்றால சீசனில் இதே வரி, நாளும் நேரமும் மட்டும் மாறி, பதினொரு இடங்களில் இருக்கிறது. ஒரு பொருளை வாங்காமலேயே அதில் கரைகண்டவர் தென்காசியில் அவர் ஒருவர்தான். செங்கோட்டை வரை விசாரித்துவிட்டே இதை எழுதுகிறேன்.

அண்ணாச்சி எனக்கு இரண்டு வீடு தள்ளி இருக்கிறார். அரசு அலுவலகம் ஒன்றில் காலமெல்லாம் விலைப்புள்ளிகளை ஒப்பிட்டுப் பட்டியல் போட்டவர். ஓய்வு பெற்ற பிறகும் கை நிற்கவில்லை. கத்தரிக்காய்க்கே மூன்று கடையில் விலைப்புள்ளி கேட்பார். வெல்டிங் ஆசை வந்ததும் வாயைத் திறந்தால் ஆம்பியர்தான். தெரு அதையே பெயராக வைத்துவிட்டது.

ஆசைக்குக் காரணம் மதினி, அதாவது அவர் மனைவி. முழங்கால் வலியால் மதினி இரண்டு சீசனாக அருவியில் தலை நனைக்கவில்லை. சாரல் காற்று வாசல்வரை வருகிறது, குளிக்க வழியில்லை. ஆண்கள் பக்கம் என்றால் அண்ணாச்சியே கையைப் பிடித்துக்கொள்வார். மெயின் அருவியில் பெண்கள் பக்கம் தனி. இவர் எட்டிக்கூடப் பார்க்க முடியாது. அதனால் தமக்குப் பதிலாக அங்கே நிற்க, பின்னால் பிடித்துக்கொள்ளக் கம்பி வைத்த இரும்பு ஸ்டூல் ஒன்றைச் சொந்தக் கையால் செய்வது என்று முடிவுகட்டினார்.

"பட்டறையில குடுத்தா ஒரே நாள்ல முடிச்சிருவானே அண்ணாச்சி?" என்றேன்.

"முடிப்பான்வே. கால் ஆடுச்சின்னா அவனா வந்து பொம்பளைய பக்கம் பிடிச்சுக்கிட்டு நிப்பான்?"

பட்டறைப் பேச்சை அத்தோடு விட்டேன்.

பட்டியல் தயாரானது. பழைய டிரான்ஸ்பார்மர் மிஷின் விலை சல்லிசு, ஆயுசு கெட்டி. ஆனால் கன்றுக்குட்டி கனம், போட்டால் தெரு விளக்கெல்லாம் மங்கும். இன்வெர்ட்டர் மிஷின் கைப்பெட்டி அளவுதான், மின்சாரமும் குறைவாகத் தின்னும். ஆனால் உள்ளே ஏதாவது போனால் யார் பார்ப்பது? இருநூறு ஆம்பியர் என்று பெட்டியில் போட்டிருந்தால் இருநூறும் வருமா? சுரண்டைக் கடைக்கார பாய் ஏழாவது தடவையில் பொறுமை இழந்தார்.

"அண்ணாச்சி, வீட்டுல சாதாரண பிளக்குதான் இருக்குங்கீய. செய்யப் போறது ஒரு ஸ்டூலு. இருநூறு ஆம்பியர்ல கப்பலா கட்டுதீய?"

எட்டாவது பயணத்தில் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் ஒரு நண்பரோடு போனில் பேசினார். வெல்டிங் வைப்பதை நம் பக்கம் 'பத்த வைக்கிறது' என்றுதான் சொல்வோம். போனில் இரைச்சல் அதிகம், அண்ணாச்சிக்கோ பிறவியிலேயே பெரிய தொண்டை.

"கார் ஷெட்டுலதான் பத்த வைக்கலாம்னு பாக்கேன்! மொதல்ல சின்னதாப் பத்த வச்சுப் பாப்போம், பிடிச்சிட்டுன்னா பெருசாப் போவோம்! பக்கத்து வீட்டுக்காரரு ஊர்ல இல்லாத நாளா இருந்தா நல்லது!"

முன்சீட்டு அம்மாள் பையை எடுத்துக்கொண்டு இடம் மாறினார். கண்டக்டர் மெதுவாக வந்து, "அண்ணாச்சி, டிக்கெட்டு சுரண்டைக்கா, பாளையங்கோட்டைக்கா?" என்று கேட்டார். பாளையங்கோட்டையில்தான் ஜெயில் இருக்கிறது. அண்ணாச்சிக்கு விஷயம் புரியவில்லை. "அங்கன மிஷின் வெல கம்மியோ?" என்று கேட்டுக் குறித்துக்கொண்டார்.

இன்னொரு நாள் மதினியிடம் விளக்கிக்கொண்டிருந்தார். "இந்த மிஷினு பத்து நிமிஷத்துல ஆறு நிமிஷந்தான் வேல பாக்கும். நாலு நிமிஷம் ஓய்வு குடுக்கணும். இல்லைன்னா சூடாயிரும்."

மதினி தோசைக்கரண்டியோடு திரும்பினார். "எனக்கு எந்தக் காலத்துலங்க அந்த நாலு நிமிஷம் கெடச்சிச்சு?"

ஆவணி வந்தது. சாரல் குறைந்தது. குளித்துவிட்டு வந்தவர்களெல்லாம் "தண்ணி நூலா விழுது" என்றார்கள். இந்த சீசனும் போய்விடும் போலிருந்தது. பதினோராவது தடவை புறப்பட்டபோது மதினியும் செருப்பை மாட்டினார்.

"நீங்க பட்டியல் போட்டு முடிக்குறதுக்குள்ள அருவி வத்திரும். நடங்க."

கடையில் மதினி பெஞ்சில் உட்கார்ந்தபடியே நான்கு மிஷின்களையும் ஒவ்வொன்றாக ஒரு கையால் தூக்கிப் பார்த்தார். நான்காவது கையோடு வந்தது; சின்ன இன்வெர்ட்டர்.

"இதான். எப்படியும் நடுவழியில போட்டுட்டுப் போவீய. நாந்தான எடுத்து வைக்கணும்."

பதினான்கு கட்டங்கள் உள்ள அண்ணாச்சியின் பட்டியலில் இப்படி ஒரு கட்டமே இல்லை. பாய் எழுந்து நின்று பில் போட்டார்.

முதல் நாள் வெல்டிங் ராடு இரும்போடு ஒட்டிக்கொண்டது. இரண்டாம் நாள் எர்த் கிளிப்பை இரும்பில் மாட்ட மறந்து, பொறியே வராமல், "மிஷின் செத்துட்டுவே" என்று எனக்கு ஆள் அனுப்பினார். மூன்றாம் நாள் வெற்றி. ஒரே குறை, ஸ்டூலை ஷெட் கேட்டில் சாய்த்துவைத்துப் பற்றவைத்ததில் ஸ்டூலும் கேட்டும் சேர்ந்துவிட்டன. ஸ்கூட்டர் ஒன்றரை நாள் உள்ளேயே கிடந்தது.

"பிடிமானம் எப்படி அண்ணாச்சி?"

"இழுத்துப் பாருமேன்!" என்றார். முகத்தில் அப்படியொரு பெருமை.

கேட்டிலிருந்து அறுத்தெடுத்து, மஞ்சள் பெயிண்ட் அடித்து, ஞாயிறு காலை குற்றாலம் போனோம். இரண்டு நாள் மழையில் மெயின் அருவிக்குக் கொஞ்சம் உயிர் வந்திருந்தது. பெண்கள் பக்கம் நின்ற பெண் போலீஸ் கையை நீட்டி மறித்தார்.

"ஃபர்னிச்சர்லாம் உள்ள கொண்டு போகக் கூடாது சார்."

"மூணு ஆளு வெயிட்டு தாங்கும்மா."

"அதை நான் பாக்கேன்" என்று அவரே உட்கார்ந்தார். இடமும் வலமும் அசைந்தார். அண்ணாச்சி குனிந்து ஸ்டூலின் கால்களையே பார்த்தார். "சரி, ஓரமா போட்டுக்கச் சொல்லுங்க."

மதினியும் ஸ்டூலும் உள்ளே போனார்கள். அண்ணாச்சி துண்டோடு வெளியே நின்றார். அரை மணி நேரத்தில் என்னிடம் ஒன்பது தடவை மணி கேட்டார். கடைசியில் மதினி சொட்டச் சொட்ட, சிரித்துக்கொண்டே வந்தார்.

"ஒக்காந்தியாட்டீ?"

"ஒக்காந்தேன்."

"ஆடுச்சா?"

"ஒரு பொட்டு ஆடல."

பின்னாலேயே ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு ஒரு பெண் வந்தாள். "நல்ல ஸ்டூலு அண்ணாச்சி. எங்க அம்மையத்தான் இந்த அக்கா ஒக்கார வச்சாவ. அக்கா கம்பியப் பிடிச்சுக்கிட்டு நின்னே குளிச்சாவ. கடைசிவரைக்கும் கம்பிய விடவேயில்ல."

மதினி அவளை முறைத்தார். அண்ணாச்சி காதில் இது விழுந்ததாகத் தெரியவில்லை. பஸ் வரும்வரை, "ஆடலையாம்வே, ஆடலையாம்" என்று என்னிடமே நாலு தடவை சொன்னார்.

மதினி அந்த ஸ்டூலில் உட்கார்ந்தாரா, நின்றாரா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படாத தகவல். விசாரிக்க எனக்கும் மனம் வரவில்லை.