கிள்ளான் மாமா கடையும் தானாக வந்த அப்டேட்டும்

"நீங்க ஒண்ணும் செய்ய வேண்டாம், எல்லாம் தானா நடக்கும்" என்று சொல்கிற ஆளிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாக இருப்பது நல்லது. அப்படிச் சொல்லியே சம்பளம் வாங்குகிறவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன். முதன்முதலில் நான் அதைச் சொன்னது என் தாய்மாமாவிடம். அவருக்குக் கிள்ளான் லிட்டில் இந்தியாவில் மளிகைக் கடை. சொன்னது தீபாவளி நெருங்கும் வாரத்தில். (நேரம் பார்த்து வாயைத் திறப்பதில் நான் கெட்டிக்காரன்.)

அப்போது எனக்கு பிரிக்பீல்ட்ஸில் வேலை, வாழையிலைச் சாப்பாட்டுக் கடை ஒன்றின் மேல்மாடியில். கடைகளுக்குப் பில் போடும் மென்பொருளை ஜாவா மொழியில் எழுதி விற்கும் சின்னக் கம்பெனி. அந்த மென்பொருள் ஒரே கட்டியாக இருக்காது. பில் போட ஒரு துண்டு, சரக்கு இருப்புக்கு ஒன்று, தராசுக்கு ஒன்று, ரசீது அச்சடிக்க ஒன்று என்று தனித்தனியாக இருக்கும். அந்தத் துண்டுகளை பண்டில் என்போம், சில சமயம் பிளக்இன் என்போம். எந்தக் கடைக்கு எது தேவையோ அதை மட்டும் டிபன் கேரியர் மாதிரி அடுக்கிக் கொடுப்போம். ஓர் அடுக்கின் அளவு மாறினாலும் மேல்மூடி பூட்டாது.

அப்படி அடுக்கித் தருகிற வேலை கலைவாணி அக்காவுடையது. அவர்தான் எங்கள் சீனியர். வெள்ளிக்கிழமை மதியம் ஹெட்போனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாரென்றால், எதை முதலில் கட்டுவது, எது எதை நம்பி நிற்கிறது, எந்தக் கடைக்கு எந்த வெர்ஷன் என்று எல்லாம் அவர் தலைக்குள் ஓடும். அந்த நேரத்தில் முதலாளிகூட டீ வேண்டுமா என்று சைகையில்தான் கேட்பார். அந்த மூளையைப் பார்த்து நான் வாயைப் பிளந்திருக்கிறேன். இவ்வளவு பெரிய மூளையை வாராவாரம் மூட்டை கட்ட வைக்கிறோமே என்று வருத்தமும் பட்டிருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் எனக்கு ஞானம் பிறந்தது.

ஒரு பழைய கம்ப்யூட்டரைத் துடைத்து, ஸ்டோர் ரூமில் வைத்து, அதற்கு எல்லாவற்றையும் சொல்லிக் கொடுத்தேன். யாராவது நிரலை மாற்றிச் சேமித்து அனுப்பினால் போதும். அதுவே கண்டுபிடிக்கும். எந்தத் துண்டு மாறியிருக்கிறதோ அதையும், அதை நம்பி நிற்கிற துண்டுகளையும் மட்டும் புதிதாகக் கட்டும், சோதித்துப் பார்க்கும், அடுக்கும், கடைக்கே அனுப்பிவிடும். முதல் தடவை அது ஓடியபோது நானும் அக்காவும் ஸ்டோர் ரூம் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தோம். இன்றுவரை நான் செய்த வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது அதுதான்.

"அழகா இருக்கு தம்பி," என்றார் அக்கா. "ஆனா கடைக்குப் போறதுக்கு முன்னாடி ஒரு பட்டன் வேணாமா? யாராச்சும் பாத்துட்டு அமுக்குற மாதிரி."

"பட்டன் வச்சா அப்புறம் என்னக்கா ஆட்டோமேஷன்?"

அக்கா சிரித்தார். "சரி, முதல்ல ஒரே ஒரு கடையில ட்ரை பண்ணு. திட்டினாலும் பரவால்லங்கிற கடையா பாரு."

மாமா கடை அப்படித்தான் மாட்டியது. திட்டமாட்டார் என்பது மட்டுமல்ல, மாமாவுக்கு நான் என்றால் ஒரே பெருமை. நான் சின்ன வயதில் ரேடியோவைக் கழற்றிவிட்டுத் திரும்பப் பூட்டத் தெரியாமல் விழித்ததைக்கூட "அப்பவே இஞ்சினியர்" என்றுதான் சொல்லித் திரிவார்.

தீபாவளிக்கு முந்தைய சனிக்கிழமை காலை, லேப்டாப்போடு கடைக்குப் போனேன். கூட்டம் நடைபாதை வரை வந்துவிட்டது. மாமாவுக்கு அந்த ஒரு நாள் வியாபாரம்தான் வருஷத்துக்கே பெரியது. எதிரே இன்னொரு மளிகைக் கடை வேறு, கைகளை விரித்து வரவேற்கக் காத்திருக்கிறது.

"மாப்ள, ரசீதுல தீபாவளி வாழ்த்து வருமா?" என்றார் மாமா.

அரிசி மூட்டை மேல் உட்கார்ந்து ரசீதுத் துண்டில் ஒரு வரி சேர்த்து அனுப்பினேன். பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் விழித்து, கட்டி, அடுக்கி, கிள்ளானுக்கு அனுப்பியது. கவுண்டரில் திரை ஒரு நொடி கறுத்து, மறுபடி திறந்தது. அடுத்த ரசீதில் 'தீபாவளி நல்வாழ்த்துகள்'. மாமா அதைக் கிழித்து வரிசையில் நின்றவர்களுக்கெல்லாம் காட்டினார்.

"பாத்தீங்களா, என் மருமவன் வேலை. சிஸ்டம் தானா புதுசாவுது லா."

இதில் ஒரு சிக்கல். திரை கறுத்து மறுபடி திறக்கும்போது, அதுவரை போட்டுக்கொண்டிருந்த பில் காணாமல் போய்விடும். வாழ்த்தைப் பெரிய எழுத்தாக்கி நான் மறுபடி அனுப்பியபோது, பெரிய டிராலி நிறைய முறுக்கு மாவும் எண்ணெயும் வைத்திருந்த ஒரு ஆன்டிக்குப் பாதி பில்லில் அப்படி ஆனது. கவுண்டரில் இருந்த மகேஸ் அக்கா திரும்பவும் முதலிலிருந்து ஆரம்பித்தார்.

"தம்பி, இது தானா மூடிக்குது," என்றார் மகேஸ் அக்கா.

எனக்கு உடனே புரிந்துவிட்டது. (புரியவில்லை. புரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொள்வதில் எனக்கு அனுபவம் உண்டு.) அப்டேட் செய்கிற துண்டில் ஏதோ பிழை என்று முடிவு கட்டி, அதைத் திருத்தி அனுப்பினேன். திரை கறுத்தது. பார்த்தீர்களா, இன்னும் பிழை இருக்கிறது. மறுபடி திருத்தினேன். மறுபடி கறுத்தது. இந்தத் தடவை ஆணிவேரையே பிடித்துவிடுவோம் என்று, மற்ற எல்லாத் துண்டுகளும் நம்பி நிற்கிற அடிப்படைத் துண்டில் கை வைத்தேன். பிரிக்பீல்ட்ஸில் அந்த உத்தம இயந்திரம் முகம் சுளிக்காமல் எல்லாவற்றையும் புதிதாகக் கட்டி அனுப்பியது. கவுண்டர், தராசு, பிரிண்டர் மூன்றும் ஒன்றாகப் படுத்து ஒன்றாக எழுந்தன.

மாமா மட்டும் அசரவில்லை. திரை கறுக்கும்போதெல்லாம் குரல் கொடுத்தார். "சபார் லா ஆன்டி, கொஞ்சம் பொறுங்க, இன்னும் புதுசாவுது. கிள்ளான்ல வேற எந்தக் கடையில இது இருக்கு, சொல்லுங்க?"

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். அந்தப் பெருமையைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. காது இரண்டும் சுட்டது, விரல்கள் இன்னும் வேகமாக ஓடின. கடைசியில் முறுக்கு மாவு ஆன்டி, "நான் பூச்சோங் போவணும் பாஸ், ஜாம் ஆயிரும்," என்று டிராலியை அப்படியே விட்டுவிட்டு எதிர்க்கடைக்கு நடந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். மாமா அவர்கள் தெருவைக் கடக்கிற வரை பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, குரலைத் தாழ்த்தி, "நீ பாத்துக்குவல்ல மாப்ள?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அப்போதுதான் போன் அடித்தது. கலைவாணி அக்கா. ஸ்ரீ கெம்பாங்கானில் மீன் வாங்கிக்கொண்டிருந்தாராம். ஒவ்வொரு முறை பண்டில் கட்டும்போதும் அவர் போனுக்குத் தகவல் போகும். மீன்காரர் மீனை வெட்டி முடிப்பதற்குள் போன் கத்திக் கத்திக் களைத்துவிட்டதாம். என் கைகள் வேலையாக இருந்ததால் (ஆமாம், அப்போதும்தான்) போனை ஸ்பீக்கரில் போட்டு அரிசி மூட்டை மேல் வைத்தேன்.

"என்ன பண்ற அங்க?"

"ஏதோ பக் அக்கா. ரீஸ்டார்ட் ஆயிட்டே இருக்கு. நான் விடாம சரி பண்ணிட்டு இருக்கேன்."

"நீ சரி பண்ணி அனுப்பினா ரீஸ்டார்ட் ஆவுதா?"

"ஆமாக்கா, ஒவ்வொரு தடவையும்."

"சரி பண்ணாம சும்மா இருந்தப்ப ஆச்சா?"

நான் யோசித்தேன். சும்மா இருந்து பார்க்கவே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

"தம்பி," என்றார் அக்கா, குழந்தையிடம் கத்தரிக்கோலை வாங்குகிற குரலில். "கீபோர்டுல இருந்து கைய எடு."

எடுத்தேன். வரிசை முழுக்கக் கேட்டுக்கொண்டிருந்தது. மகேஸ் அக்கா ஒரு பில்லைத் தொடங்கி, முடித்து, ரசீதைக் கிழித்தார். அடுத்ததும் முடிந்தது. திரை கறுக்கவே இல்லை. வரிசையில் நின்ற யாரோ கைதட்டினார்கள். மகேஸ் அக்கா லேப்டாப்பை மூடி, அதன் மேல் ஒரு பருப்பு மூட்டையை வைத்தார். அன்று கடை அடைக்கும் வரை நான் சாமான்களைப் பையில் போட்டுக் கொடுத்தேன். ஓடிப்போனவர்களில் பலர் திரும்பி வந்தார்கள், வியாபாரமும் தப்பித்தது. முறுக்கு மாவு ஆன்டிகூட வந்தார், தேங்காய் எதிர்க்கடையில் நன்றாக இல்லையாம்.

மாமாவுக்கு மட்டும் ஏமாற்றம். "ஏன் மாப்ள நிறுத்திட்ட? நல்லாத்தானே போயிட்டு இருந்துச்சு?"

திங்கட்கிழமை ராஜினாமாக் கடிதத்தை மனதுக்குள் எழுதிக்கொண்டே ஆபீஸ் போனேன். அக்கா அந்தக் காலையின் பதிவுகளை எல்லாம் திறந்து வைத்திருந்தார்.

"ஒரு பண்டில்கூடத் தப்பா கட்டல," என்றார். "இவ்ளோ அவசரத்துல, இத்தன தடவ, ஒண்ணுகூட மாறிப் போகல. என்னால முடியாது தம்பி. மெஷின் ரொம்ப நல்ல மெஷின். உன்னத்தான் பட்டனுக்குப் பின்னாடி வைக்கணும்."

அன்றே பட்டன் வந்தது. அடுத்த வெள்ளிக்கிழமை அக்கா ஹெட்போன் மாட்டவில்லை. கீழே போய் எங்களோடு வாழையிலை முன்னால் உட்கார்ந்து நிதானமாகச் சாப்பிட்டார். ரசம் இரண்டாம் முறை கேட்டார். அந்தச் சாப்பாட்டைப் பார்த்தபோது எனக்கு வந்த சந்தோஷத்தில் மாமா கடையையே ஒரு நிமிஷம் மறந்துவிட்டேன்.

மற்றவர்கள் மறக்கவில்லை. அந்தக் கதை மகேஸ் அக்கா வழியாக என் குடும்பத்துக்குள் புகுந்து, பிறகு எனக்கு நிச்சயமான பெண் வீட்டாருக்கும் போய்ச் சேர்ந்தது. என் கல்யாணத்தில் தாலி கட்டும்போது முடிச்சு சரியாக விழுந்ததா என்று எனக்குச் சந்தேகம். இழுத்துப் பார்த்தேன். இன்னும் கொஞ்சம் இறுக்கினேன். மேளம் உச்சத்துக்குப் போய் எனக்காக அங்கேயே காத்திருந்தது. முன்வரிசையிலிருந்து கலைவாணி அக்காவின் குரல் வந்தது.

"தம்பி, கைய எடு."

கிள்ளான் ஆட்கள் உட்கார்ந்திருந்த பக்கம் முழுக்கச் சிரித்தது. குனிந்திருந்த மணப்பெண்ணின் தோள் குலுங்குவது என் விரலுக்கே தெரிந்தது. (இன்றைக்கும் நான் வீட்டில் குழாயைச் சரி செய்யப் போனால் அதே மூன்று வார்த்தைதான், சமையலறையிலிருந்து மனைவி குரலில் வரும்.)

மாமா மட்டும் சிரிக்கவில்லை. நாதஸ்வரக்காரர் பக்கம் சாய்ந்து, ரகசியம் சொல்வதாக நினைத்துக்கொண்டு மண்டபத்துக்கே கேட்கும்படி சொன்னார்:

"என் மருமவன் எதைச் செஞ்சாலும் சரியாத்தான் செய்வான். என்ன, செஞ்சிக்கிட்டே இருப்பான்."