மழை வந்தால் மூடும் பூ

எனக்கு எழுத்து வராது. கோபம் வரும். பள்ளிக்கூடத்தை மூன்றாம் வகுப்பிலேயே விட்டுவிட்டேன். கோபம்தான் என்னை விடவில்லை. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். (சிரிக்காம எழுதும்மா. இன்னும் ஒண்ணுமே சொல்லல.)

போன மாதம் பிரிக்பீல்ட்ஸில் முடி வெட்டப் போனேன். கடையில் டிவி ஓடிக்கொண்டிருந்தது. எந்த நாடோ தெரியவில்லை, ஒரு பெரிய கட்டடம். அதன் மேலெல்லாம் இதழ் இதழாகத் தகடுகள். வெயிலுக்கு விரிகின்றன, வேண்டாத நேரத்தில் மூடிக்கொள்கின்றன. செடியைப் பார்த்துக் கற்றுக்கொண்டார்களாம். புதுசாம். கோட்டுப் போட்ட ஒருவர் கையை ஆட்டி ஆட்டிப் பேசினார். எனக்கு ரத்தம் உச்சிக்கு ஏறிவிட்டது. பாதித் தலையோடு எழுந்து நின்றேன்.

"இது எங்க வீட்டுல இருந்துச்சுய்யா. கிள்ளான்ல. நீயெல்லாம் பொறக்கறதுக்கு முன்னாடி."

"ஆமா அங்கிள். உக்காருங்க லா" என்றான் முடி வெட்டுகிறவன்.

அந்த 'ஆமா அங்கிள்' இருக்கிறதே, அதை நினைத்து வீடு வரைக்கும் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தேன்.

அது எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் நான் போர்ட் கிள்ளான் துறைமுகத்தில் லோரி ஓட்டிக்கொண்டிருந்தேன். லோரியைப் பற்றி முதலில் சொல்லிவிட வேண்டும். (அது எதுக்குப்பா என்கிறாள். எழுது, சொல்றேன்.) ஆயுத பூஜைக்கு என் லோரிக்கு நான் வைக்கிற பொட்டை மற்ற டிரைவர்கள் வந்து பார்த்துவிட்டுப் போவார்கள். கண்ணாடியில் மூன்று பட்டை திருநீறு, நடுவில் உள்ளங்கை அகலத்துக்குச் சந்தனம், அதன் மேல் குங்குமம். ஓட்டுகிறவனுக்கு ரோடு தெரிகிறதா இல்லையா என்பது இரண்டாவது. ஒரு தடவைகூட எங்கேயும் இடித்ததில்லை. உழைக்கிற எதுவாக இருந்தாலும் பொட்டு வைக்க வேண்டும். இது என் கட்சி. இன்றைக்கும் அதே கட்சிதான்.

என் மனைவி லெட்சுமிக்கு ஒரு தம்பி, தேவா. எங்களோடுதான் இருந்தான். பெரிய பெரிய வீட்டுக் கூரைகளில் சோலார் மாட்டுகிற ஒரு காண்ட்ராக்டரிடம் வேலை. இப்போது மாதிரி கரண்டு எடுக்கிற சோலார் இல்லை. வெயிலில் தண்ணீரைச் சுட வைக்கிற சாமான். அதிலே ஒரு தொல்லை. கிள்ளானில் மத்தியானம் வரைக்கும் மண்டையைப் பிளக்கிற வெயில், அப்புறம் வானம் உடைந்துகொண்டு மழை. சுட்ட தண்ணீரெல்லாம் மழையில் ஆறி, சாயங்காலம் குளிக்கப் போனால் வெதுவெதுப்புகூட இருக்காது.

எங்கள் வீட்டுப் பக்கத்தில் ஒரு காலி நிலம். சாக்கடை ஓரம் முழுக்கத் தொட்டாச்சிணுங்கி. ஒரு நாள் தேவா அங்கே குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தான்.

"மச்சான், இங்க வந்து இதைத் தொடுங்க."

"நான் எதுக்குடா தொடணும்? பாம்பு கீம்பு கெடக்கும்."

"மழைத்துளி பட்டாலும் மூடிக்குது பாருங்க. எங்க பாஸ் எல்லாம் வெயிலைப் புடிக்கிறதுக்கு எப்படித் திறந்து வைக்கிறதுன்னுதான் யோசிக்கிறாரு. எப்ப மூடணும்னு யாரும் யோசிக்கல. இந்தச் செடிக்குத் தெரிஞ்சிருக்கு."

"அப்ப செடியையே கட்டிக்க."

இதுதான் நான் சொன்ன பதில். அவன் கோபப்படவில்லை. கோபமே வராத மனுசன். அப்படிப்பட்ட ஆட்களைப் பார்த்தாலே எனக்குக் கோபம் வரும்.

எங்கள் வீட்டு முன்னால் கார் நிறுத்துகிற இடத்துக்கு மேலே சிமெண்டுத் தளம் உண்டு. அதன் மேலே தேவா ஒரு பூ கட்டினான். நடுவில் கறுப்புப் பெயிண்ட் அடித்த தண்ணீர் டிரம். அதைச் சுற்றி ஆள் உயரத்துக்குத் தகர இதழ்கள். உள்பக்கம் கண்ணாடி மாதிரித் தேய்த்துப் பளபளப்பாக்கியிருந்தான். வெயில் நேரத்தில் இதழெல்லாம் வெளியே சாய்ந்து, வெளிச்சத்தை வாரி டிரம் மேல் கொட்டும். இதழ் நுனிகளில் வளையம் போட்டு, சுருக்குப் பை மாதிரி ஒரு கயிறு ஓடியது. கயிற்றின் மறுமுனை தளத்தின் ஓரத்தில் ஒரு கப்பியில் ஏறி இறங்கி, அங்கே ஒரு பெரிய பிஸ்கட் டின் தொங்கியது. மழை பெய்தால் டின் நிறையும். நிறைந்தால் கனம். கனத்தில் கீழே இறங்கிக் கயிற்றை இழுக்கும். இதழெல்லாம் எழும்பி மேலே ஒன்றுசேர்ந்து மொட்டாகிவிடும். உள்ளே டிரம் சூடு ஆறாமல் இருக்கும். டின்னுக்கு அடியில் சின்ன ஓட்டை. மழை விட்டதும் தண்ணீர் ஒழுகி, டின் இலேசாகி, பூ தானாக விரியும். மோட்டார் கிடையாது, கரண்டு கிடையாது.

அது வேலை செய்தது. (இதைப் பெருசா எழுது.) மழை பெய்த நாளிலும் லெட்சுமி சாயங்காலம் ஆவி பறக்கக் குளித்தாள். அக்கம்பக்கத்தில் வந்து பார்த்தார்கள். "நம்ம வீட்டு ஐடியா" என்று நான்தான் விளக்கம் சொல்வேன். தேவா பக்கத்தில் நின்று தலையாட்டுவான். ஒரே ஒரு விஷயம் மட்டும் திரும்பத் திரும்பச் சொல்வான்.

"மச்சான், அந்த டின் பக்கம் மட்டும் போகாதீங்க. அதுதான் இதுக்கு மூளை."

என் தங்கச்சி சரசு பிரிக்பீல்ட்ஸில் ஒரு துணிக்கடையில் வேலை பார்த்தாள். அவளுக்கு ஒரு வரன் வந்தது. மாப்பிள்ளை ரவி, பள்ளிக்கூட வாத்தியார். அவர் அப்பா ரயில்வேயில் இருந்து ஓய்வு பெற்றவர். மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை, அளந்து பேசுகிற வாய். அவர்கள் வருவதற்கு முந்தின நாள் லெட்சுமி என்னைத் தனியே கூப்பிட்டாள்.

"சரசுக்கு அந்தப் பையனை ஏற்கெனவே தெரியும். ரெண்டு பேருக்கும் புடிச்சிருக்கு. இது அமையலைன்னா அவ வேற யாரையும் கட்ட மாட்டா. நாளைக்கு ஒரு நாள் கத்தாம இருங்க."

"நான் எப்பக் கத்துனேன்?" என்று கத்தினேன்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. ராகு காலத்துக்கு முன்னாலேயே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார்கள். நான் புது வேட்டி கட்டி, வாசலில் நின்று வீட்டைப் பார்த்தேன். ரோட்டில் வருகிறவன் கண்ணில் முதலில் படுவது அந்தப் பூதான். ஊர்க்கண்ணெல்லாம் ஏற்கெனவே அதன் மேல். இப்போது சம்பந்தி கண்ணும் படப்போகிறது. அதற்கு இன்னும் ஒரு பொட்டுகூட வைக்கவில்லை என்று அப்போதுதான் உறைத்தது. இத்தனை நாள் உழைக்கிறது, நெற்றி வெறுமையாக நிற்கிறது.

தேவா பழம் வாங்கப் போயிருந்தான். நான் சந்தனக் கிண்ணத்தோடு ஏணி ஏறினேன்.

மூளைக்குத்தானே பொட்டு வைக்க வேண்டும்? டின்னைத் தூக்கி, குழைத்த சந்தனத்தை அள்ளி உள்ளேயும் வெளியேயும் நன்றாக அப்பினேன். லோரிக்கு வைக்கிற அளவு. அடியில் ஒரு ஓட்டை அசிங்கமாகத் தெரிந்தது. அதையும் சேர்த்து மெழுகினேன். பிறகு இதழ்களுக்கு நடுவே புகுந்து, டிரம்முக்கு மூன்று பட்டை போட ஆரம்பித்தேன்.

மழை அப்போதுதான் வந்தது. தூறல் கீறல் எதுவும் இல்லை. கிள்ளான் மழைக்கு முன்னுரை கிடையாது. இதழெல்லாம் மெதுவாக எழும்பின. வெளியே ஓடியிருக்கலாம். ஆனால் என் புத்தி என்ன சொன்னது தெரியுமா? புது வேட்டி நனையாது, உள்ளேயே இரு என்றது.

தலைக்கு மேலே மொட்டுக் கூம்பியது. இருட்டு. முதுகுப் பக்கம் சுடுகிற டிரம், முகத்துப் பக்கம் தகரம். திரும்பக்கூட இடமில்லை. மழை வந்த வேகத்தில் நின்றுவிட்டது. நான் பூ விரிவதற்குக் காத்திருந்தேன். விரியவில்லை. தள்ளிப் பார்த்தேன். உள்ளே இருந்து தள்ளத் தள்ளக் கயிறு இறுகியதே தவிர, ஒரு விரல் இடுக்குகூட விழவில்லை. வேர்வை ஊற்றியது. முதுகு வெந்தது. தேவா மேல் எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது.

கீழே கார் நிற்கிற சத்தம் கேட்டது. பேச்சுச் சத்தம். லெட்சுமி என்னைத் தேடுகிற சத்தம். "தேவா, டேய் தேவா" என்று தகரத்தைக் குத்தினேன். சற்று நேரத்தில் ஏணியில் யாரோ ஏறி வந்து தகரத்தைத் தட்டினார்கள். மரியாதையாக, கதவைத் தட்டுகிற மாதிரி.

அவ்வளவுதான். வாயைத் திறந்துவிட்டேன்.

"வாடா நாறப்பயலே. தட்டுறியா? உள்ள வரட்டுமான்னு கேக்குறியா? என் முதுகு வெந்து தொங்குது, நீ தட்டுற. ஒரு தகரத்தைத் திறக்கத் துப்பில்ல, உனக்கெல்லாம் எவன்டா பொண்ணு குடுப்பான்?"

வெளியே தட்டுகிற சத்தம் நின்றது. பிறகு ஒரு குரல்:

"நான் தேவா இல்லீங்க. பொண்ணு பாக்க வந்திருக்கேன். ரவி."

இந்த இடத்தில் வேறு மனுசனாக இருந்தால் மன்னிப்புக் கேட்டிருப்பான். எனக்கு அது வராது. வெட்கம் வந்தாலும் எனக்குக் கோபமாகத்தான் வரும்.

"பொண்ணு பாக்க வந்தவனுக்குக் கூரை மேல என்னடா வேலை? எந்த ஊரு வழக்கம் இது? உங்கப்பன் உன்னை இப்படித்தான் வளத்தானா?"

அந்தத் தகரம் இருக்கிறதே, கோயில் ஒலிபெருக்கி தோற்றது. தெரு முழுக்கக் கேட்டதாம். வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்த அவர் அப்பா, கழற்றின செருப்பைத் திரும்பவும் மாட்டிக்கொண்டார்.

"ரவி, இறங்கி வா. போலாம்."

அவர் சொன்னது உள்ளே இருந்த எனக்கே கேட்டது. அப்புறம் லெட்சுமியின் அழுகை. அதற்கு மேல் எனக்குக் கத்தவும் வரவில்லை. என் தங்கச்சி கல்யாணத்தை நானே மூடிவிட்டேன் என்று, மூடின இடத்தில் நின்றபடி புரிந்தது.

அதன் பிறகு நடந்தது லெட்சுமி சொல்லித்தான் தெரியும். காப்பித் தட்டோடு கூப்பிடுகிற வரைக்கும் பெண் வெளியே வரக் கூடாது. சரசு வந்தாள். பட்டுப்புடவையோடு, யாரையும் பார்க்காமல், செருப்பு மாட்டிய மாமனாரைத் தாண்டி நடந்து போய், தொங்குகிற டின்னுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்தாள். தலையில் பூவைப் பிடித்திருந்த ஊசியை உருவினாள். ஓட்டையில் குத்தினாள். சந்தனத் தண்ணீர் அவள் தலையிலும் முகத்திலும் புடவையிலும் ஊற்றியது. நகரவில்லை. அடைக்க அடைக்கக் குத்திக்கொண்டே நின்றாள்.

டின் இலேசானது. பூ மெதுவாக விரிந்தது. கைதட்டுவதற்குத்தான் ஆள் இல்லை. நடுவே நான்: வேர்த்து வழிந்த வேட்டி, கையில் சந்தனக் கிண்ணம், முதுகில் டிரம்மில் நான் போட்ட மூன்று பட்டை அப்படியே அச்சாக. எதிரே மாப்பிள்ளை. அவர் சிரிப்பை அடக்கப் பார்த்து, முடியாமல், தளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

அவர் அப்பா சிரிக்கவில்லை. வாசல் கேட் பக்கம் நின்று, நனைந்து நிற்கிற சரசுவையே பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றினார்.

"பொண்ணு சரி" என்றார். "ஆனா ஒண்ணு. கல்யாணம் முடியற வரைக்கும் அண்ணங்காரர் வாயைத் திறக்கக் கூடாது."

சரசு என்னை நிமிர்ந்து பார்த்தாள். சரி என்று தலையாட்டினேன். வாயால் சொல்லியிருந்தால் அப்போதே பேச்சை மீறினதாகியிருக்கும்.

நிச்சயதார்த்தத்தில் பேசவில்லை. கல்யாணத்தில் பேசவில்லை. சாம்பாரில் உப்பு இல்லை, தெரிந்தும் பேசவில்லை. மேளக்காரன் தாலி கட்டுகிற நேரத்தில் பீடி பிடிக்கப் போயிருந்தான், அப்போதும் பேசவில்லை. அந்தக் கோபமெல்லாம் இன்னும் உள்ளேதான் இருக்கிறது, ஒன்றும் வீணாகவில்லை.

பூவை மறுநாளே சுத்தியலால் அடித்துப் பிரித்துப் போட்டேன். தேவா குனிந்து உட்கார்ந்தான். இதழ்களைப் பொறுக்கி அடுக்கிக் கட்டினான். அதுதான் இன்றைக்கும் உறுத்துகிறது. அவன் ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம். டிவியில் அந்தக் கட்டடத்தைப் பார்த்த அன்றைக்கு அவனுக்குப் போன் போட்டேன்.

"நம்மளுதைத் திருடிட்டானுங்கடா."

"இல்ல மச்சான். அவனுங்களும் செடிகிட்ட இருந்துதான் எடுத்திருப்பானுங்க" என்றான். "ஓட்டையை யாரும் அடைக்காம இருந்தா சரி."

ஓட்டையைச் சின்னதாகப் போட்டது அவன் தப்பு. சந்தனத்தின் மேல் தப்பு இல்லை. இதை நான் எங்கேயும் சொல்வேன்.

போன வருடம் சரசு மகள் கல்யாணம், கிள்ளானில். பந்தியில் எனக்கு அப்பளம் வைக்காமல் போய்விட்டான் ஒருத்தன். எழுந்து நின்றேன். "யாருய்யா இங்க" என்று தொடங்கினேன். எதிர்ப் பந்தியில் உட்கார்ந்திருந்த ரவி மாப்பிள்ளை, இலையைப் பார்த்துச் சாப்பிட்டுக்கொண்டே, இடது கையை மட்டும் நீட்டி உள்ளங்கையை மேலே பார்க்க விரித்தார், தூறல் விழுகிறதா என்று பார்க்கிற மாதிரி. அவர் பக்கத்தில் சரசு நீட்டினாள். அப்புறம் தேவா. அப்புறம் என் பெண்டாட்டி. மண்டபத்துக் கூரைக்குக் கீழே அந்தப் பந்தி முழுக்க ஒரு கையால் சாப்பிட்டு, ஒரு கையால் மழை பார்த்தது.

மூடிக்கொண்டு உட்கார்ந்தேன்.

(இந்தா, இவளும் பேனாவை வெச்சிட்டுக் கையை நீட்டுறா.)