வரி அலுவலகத்தைக் கொளுத்தியது யார்?

"அந்த குமாஸ்தா யாருன்னு தெரிஞ்சுதான் பாடம் நடத்துறீங்களா சார்?" பியூன் வகுப்பு வாசலில் குரலைத் தாழ்த்தினார். "நம்ம ஹெச்.எம். அம்மாவோட கொள்ளுத்தாத்தா."

ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்தார். வாதக் கட்டுரை எழுதக் கற்பிக்க அவர் எடுத்துக்கொண்டது, நூறு வருடத்துக்கு முன் அந்த ஊரையே கசக்கிப் பிழிந்த வரி அலுவலகம் எரிந்த வழக்கு. கொளுத்தியவர் யாரென்று கடைசிவரை தெரியவில்லை. பழைய செய்தித்தாள் நகல்களைப் படித்துவிட்டு, அந்த அலுவலகத்தின் குமாஸ்தாதான் என்று வகுப்பு மொத்தமும் எழுதியிருந்தது. தலைப்பைக் கேள்விப்பட்ட தலைமையாசிரியை, அடுத்த மணிக்கு விருந்தினர்களோடு வருவதாகச் சொல்லியிருந்தார். ஆசிரியரின் வேலை நிரந்தரமாக அந்த அம்மாவின் கையெழுத்து வேண்டும்.

"எல்லாரும் இங்க பாருங்க. எதிர்த்தரப்பையும் பேசினாத்தான் வாதம். குமாஸ்தா பண்ணலைன்னு மாத்தி எழுதுங்க."

"அப்ப யாரு சார் பண்ணது?" என்றாள் முன்பெஞ்சு மாணவி.

"அந்த ஆபீஸ் காவலாளியா இருக்கலாம்."

கடைசி பெஞ்சில் ஒருவன் எழுந்தான். "அவர் எங்கம்மாவோட கொள்ளுத்தாத்தா சார்."

"அதனால என்ன?"

"எங்கம்மா வக்கீல் சார்."

"யாருமே பண்ணலை," என்றார் ஆசிரியர். "காத்துல விளக்கு விழுந்திருக்கும்."

"ஆதாரம் இல்லாம பேசக் கூடாதுன்னு நேத்து நீங்கதானே சொன்னீங்க?" முன்பெஞ்சு விடவில்லை.

"தேடும்மா. தேடினா கிடைக்கும்."

கிடைத்தே விட்டது. அதே நாளிதழின் மூலையில், சூறைக்காற்றில் சந்தைக் கூரை பறந்த செய்தி. அதற்குக் கீழே, தீப்பிடித்த அன்று குமாஸ்தா காய்ச்சலில் படுத்திருந்ததாக மருத்துவரின் வாக்குமூலம்.

தலைமையாசிரியை மூன்று பேரோடு உள்ளே வந்து உட்கார்ந்தார். மாணவி பேசினாள். காற்று, திறந்த ஜன்னல், மண்ணெண்ணெய் விளக்கு, காய்ச்சல். வக்கீல் மகன் எழுந்து அதை இன்னும் இறுக்கினான். விருந்தினர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துத் தலையாட்டினார்கள். தலைமையாசிரியையின் முகம் வெளுத்தது. நெகிழ்ந்துவிட்டார் என்று ஆசிரியர் எடுத்துக்கொண்டார்.

"உங்க குடும்பத்து மேல இருந்த பழி போச்சு மேடம்," என்றார் பக்கத்தில் போய்.

தலைமையாசிரியை எழுந்து வெளியேறினார். இரண்டு விருந்தினர்கள் பின்னாலேயே போனார்கள். மூன்றாமவர் மட்டும் தாடையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

"நான் சிலை செய்யறவன் சார். ஊரை வரியிலேர்ந்து காப்பாத்தின வீரர்னு ஸ்கூல் வாசல்ல வைக்க, அம்மா அவங்க கொள்ளுத்தாத்தாவை வடிக்கச் சொன்னாங்க. எல்லாம் முடிஞ்சுது, இப்ப தீப்பந்தத்தை வாங்கிட்டு அவர் கையில என்ன சார் குடுக்கறது?"