கல்யாணப் பாட்டை ஜிப்பில் அடைத்த கதை

எல்லாக் குடும்பத்திலும் ‘கம்ப்யூட்டர் தெரிந்த ஆள்’ என்று ஒருவர் இருப்பார். அவருக்கு நிஜமாகவே கம்ப்யூட்டர் தெரிய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. மற்றவர்களைவிட வேகமாக மவுசை நகர்த்தினால் போதும். கேரள எல்லையில், பாறசாலைப் பக்கத்தில் இருக்கும் எங்கள் குடும்பத்தில் அந்த ஆள் நான்தான். (இன்றைக்கும் நான்தான். இப்போது அந்தப் பட்டத்தை யாரும் சிரிக்காமல் சொல்வதில்லை, அவ்வளவுதான்.)

என் தங்கை ஷைனிக்கு அதியன்னூரில் மாப்பிள்ளை அமைந்தது. நகை, சாப்பாடு, மண்டபம் எதிலும் சண்டை இல்லை. சண்டை வந்தது பாட்டில். எங்கள் சபையில் ஆராதனை தமிழில், அவர்கள் சபையில் மலையாளத்தில். வீட்டில் எல்லாருமே இரண்டையும் கலந்துதான் பேசுவோம். மீன்காரரிடம் மலையாளத்தில் விலை கேட்டுத் தமிழில் பேரம் பேசுவோம். ஆனால் சர்ச்சுக்குள் கால் வைத்துவிட்டால் மட்டும் எங்கிருந்தோ மொழிப்பற்று வந்துவிடும்.

“கல்யாணக் கெட்டு நம்ம சர்ச்சில. பாட்டும் தமிழிலதான். அதில மாத்தமில்ல,” என்றார் அப்பா.

மாப்பிள்ளையின் தாய்மாமன் வில்சன் விட்டுக்கொடுப்பவர் இல்லை. “அப்ப எங்க ஆளுக வாயப் பொத்திக்கிட்டா இருக்கணும்? மலையாளம் இல்லாம செரியாவாது, கேட்டியளா.”

ஒரு மாதம் இழுபறி. கடைசியில் பாஸ்டர் தலையிட்டு ஒரு வழி சொன்னார். மூன்று பாட்டு. மூன்றும் இரண்டு மொழியிலும் ஒரே மெட்டில் உள்ளவை. ஒரு சரணம் தமிழ், அடுத்தது மலையாளம். எல்லா வரியும் அச்சடித்து ஆளுக்கொரு தாள் கையில் கொடுத்துவிட வேண்டும். அந்தத் தாள்தான் இரண்டு வீட்டுக்கும் இடையிலான சமாதான உடன்படிக்கை.

அன்று ஷைனி என்னை அடுக்களைக்குள் இழுத்துப் போனாள். “அக்கா, அந்தப் பேப்பர் மட்டும் ஒழுங்கா வரணும். இல்லேன்னா அப்பாவும் வில்சன் மாமனும் சர்ச்சுக்குள்ளேயே சண்டை பிடிப்பாவ. எனக்குப் பயமா இருக்கு.”

“செய்யப்போறது நானாக்கும். நீ பேசாம போய் உறங்கு.”

பாட்டுகள் எல்லாத் திசையிலிருந்தும் வந்தன. சில ஸ்கேன், சில போட்டோ, சில டைப் செய்தவை. வேர்டில் ஒட்டினால் தமிழ் ஒரு பக்கம் ஓடியது, மலையாளம் இன்னொரு பக்கம் ஓடியது. அந்த நேரம் பார்த்து ஆபீசில் ஒரு புது வித்தை கற்றிருந்தேன். ஒரு ஃபோல்டர் முழுவதையும் ஜிப்பாகச் சுருக்கி, அதை வேர்ட் ஃபைலுக்குள்ளேயே பொதிந்து வைக்கலாம். பக்கத்தில் சின்னப் பெட்டிப் படம் ஒன்று தெரியும், டபுள் கிளிக் செய்தால் திறக்கும். ஒரே ஃபைலில் எல்லாம் அடக்கம். ஆகா, என்ன மூளை எனக்கு என்று நானே மெச்சிக்கொண்டேன். ஒவ்வொரு பாட்டின் தலைப்புக்குக் கீழேயும் ஒரு ஜிப்பைப் பொதிந்து நெய்யாற்றின்கரையில் இருந்த அச்சகத்துக்கு அனுப்பினேன்.

அச்சகத்து சஜி மறுநாள் கூப்பிட்டான். “சேச்சி, இதில வெறும் பெட்டிதான் உண்டு. பாட்டு இல்லல்லோ?”

“உள்ள உண்டு. ரெண்டு தட்டு தட்டு.”

தட்டினான். ஃபைல் கிடைக்கவில்லை என்றது. தேடிப் பார்த்தால், பொதியும்போது ‘லிங்க்’ என்ற கட்டத்தில் டிக் போட்டிருக்கிறேன். என் கம்ப்யூட்டரில் ஃபைல் இருக்கும் முகவரி மட்டும் போயிருக்கிறது, ஃபைல் போகவில்லை. டிக்கை எடுத்து மறுபடி அனுப்பினேன். இப்போது ‘இது ஆபத்தான ஃபைலாக இருக்கலாம்’ என்று எச்சரிக்கை. “ஆபத்து ஒண்ணும் இல்ல, ஓக்கே குடு,” என்றேன். திறந்தது. ஆனால் நான் தமிழில் வைத்த பெயர்கள் எல்லாம் கேள்விக்குறிகளாக நின்றன. பெயரை ஆங்கில எழுத்தில் மாற்றி, மறுபடி சுருக்கி, மறுபடி பொதிந்து, மறுபடி அனுப்பினேன்.

“சேச்சி, எல்லாம் திறந்தாச்சு. நல்ல வெடிப்பா, தெளிவா உண்டு,” என்றான் சஜி.

“அப்ப அடிச்சிரு.”

“புரூஃப் நோக்கண்டாமா?”

“நான் அனுப்பினதுக்கா புரூஃப்? அப்படியே அடி.”

அவனும் அப்படியே அடித்தான்.

கல்யாணத்தன்று காலையில்தான் அப்பா அச்சகத்திலிருந்து தாள்கட்டை வாங்கி வந்தார். பிரித்துப் பார்க்க யாருக்கு நேரம்? (எனக்கு இருந்தது. நான் முடிக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தேன்.)

சர்ச் நிறைந்திருந்தது. ஆர்கனில் முதல் பாட்டின் மெட்டு எழுந்தது. எல்லாரும் தாளை விரித்தார்கள். ‘பாட்டு 1’. அதன்கீழே மஞ்சள் நிறத்தில் ஜிப் போட்ட ஒரு சின்னப் பெட்டி. அதற்கும் கீழே ‘paattu1_final.zip’. திருப்பினால் ‘பாட்டு 2’, இன்னொரு பெட்டி. சஜியிடம் திறக்கச் சொன்னேன், திறந்தான். உள்ளே இருந்ததை எடுத்து வெளியே வைக்கச் சொல்லவில்லை, வைக்கவில்லை. தாளைக் கிளிக் செய்ய முடியாது என்பது எங்கள் இருவருக்குமே தோன்றவில்லை.

எனக்கு முன்வரிசையில் ஒரு பெரியப்பா அந்தப் பெட்டியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்தார். வெட்கத்தில் எனக்குக் காதெல்லாம் எரிந்தது. ஷைனி முக்காட்டுக்குள்ளிருந்து திரும்பி என்னைப் பார்த்தாள். ஐயோ, என் தங்கையின் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டேனே என்று கண் நிறைந்துவிட்டது.

ஆர்கன் மெட்டு முடிந்து மறுபடி தொடங்கியது. யாரும் பாடவில்லை. சட்டென்று அப்பா எழுந்து தமிழில் பாடத் தொடங்கினார். அதே நொடியில் அந்தப் பக்கத்திலிருந்து வில்சன் மாமன் மலையாளத்தில் தொடங்கினார். இருவரும் நிறுத்தவில்லை. இரண்டு பக்கத்து ஆட்களும் சேர்ந்துகொள்ள, ஒரே மெட்டில் இரண்டு மொழியும் சர்ச் முழுவதையும் நிறைத்தன. சத்தியமாகச் சொல்கிறேன், அருமையாக இருந்தது.

இரண்டாம் சரணம் வந்தது. அப்பாவின் வாய் அசைந்தது, சொல் வரவில்லை. தமிழுக்காக ஒரு மாதம் மல்லுக்கு நின்றவருக்கு இரண்டாம் சரணம் தெரியாது. நைசாக எதிர்ப்பக்கம் பார்த்தார். அங்கே வில்சன் மாமனும் வெறும் வாயை மென்றுகொண்டு இவரைப் பார்த்தார். முதலில் சிரித்தது யாரென்று இன்றுவரை தகராறு. இருவரும் தோள் குலுங்கச் சிரித்துவிட்டு முதல் சரணத்தையே மறுபடி பாடினார்கள். முக்காட்டுக்குள் ஷைனியும் குலுங்கினாள். மூன்று பாட்டும் முதல் சரணத்திலேயே ஓடி முடிந்தது.

பந்தியில் இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்தவர்கள்தான், பிறகு பிரிக்க முடியவில்லை. சஜியிடம் நான் போனில் சொன்னதெல்லாம் அந்தப் பந்தியிலேயே வெளிவந்துவிட்டது. ஞாயிறு ஆராதனை முடிந்தால் வில்சன் மாமன் நேராக எங்கள் வீட்டுக்கு வந்துவிடுவார். வாசலில் காலிங்பெல் உண்டு. அதை அவர் தொடவே மாட்டார். ஒற்றை விரலால் கதவில் இரண்டு தட்டு.

உள்ளேயிருந்து அப்பா சத்தம் போடுவார்: “உள்ள உண்டு!”

கதவைத் திறக்கப் போவது எப்போதும் நான்தான்.