மைக்ரோஸ்கோப்பில் தெரிந்த மல்லாட்டை எண்ணெய்

என் ரத்தத்தைப் பற்றி எனக்கு எப்போதுமே உயர்ந்த அபிப்பிராயம் உண்டு. ஐந்தாம் வகுப்போடு நின்றவன், திண்டிவனத்தில் மல்லாட்டை (வேர்க்கடலைதான்) எண்ணெய் மில் வைத்து, மகள் பூங்கொடியை டாக்டர் பட்டத்துக்குப் படிக்க வைக்கிறேன் என்றால் சும்மாவா? (பட்டம் இன்னும் வரவில்லை. என்னால் வராமலே போயிருக்கும்.)

ரத்தம் எப்படி உறைகிறது என்பது அவள் ஆராய்ச்சி. விழுப்புரத்தில் அவள் வேலை பார்க்கும் ஆய்வுக்கூடத்தில் ஒரு லேசர் மைக்ரோஸ்கோப். உறையும் ரத்தம் நூல் நூலாக வலை பின்னுவதைத் திரையில் காட்டும். அதை வெளியூர்ப் பேராசிரியர் ஒருவர் முன்னால் செய்து காட்ட வேண்டும். அவர் ஒப்புக்கொண்டால்தான் ஆராய்ச்சி தொடரும். முதல் நாள் சாயங்காலம் பார்த்து, ரத்தம் தர வேண்டியவருக்குக் காய்ச்சல்.

"நான் இருக்கும்போது ஊரான் ரத்தம் எதுக்கும்மா?" என்றேன்.

"சரிப்பா. ஆனா வெறும் வயித்தோட வா. எண்ணெய்ப் பண்டம் தொடாத."

பெற்ற மகளுக்கு வெறும் வயிற்று ரத்தமா? விடிந்ததும் ஆட்டு ரத்தம் வாங்கினேன். மனைவி செல்விக்குக் கிருத்திகை விரதம், வீட்டு அடுப்பைத் தொட விடவில்லை. மில்லிலேயே அடுப்பு மூட்டி, நம் எண்ணெயைத் தாராளமாக ஊற்றிப் பொரியல் செய்து ஒரு சட்டியைக் காலி பண்ணினேன். பிறகு இருவரும் பஸ் ஏறினோம்.

என் ரத்தத்தை எந்திரத்தில் சுற்றவிட்டு எடுத்தார்கள். மேலே தெளிவாக நிற்க வேண்டிய நீர், நான் தின்ற எண்ணெயால் பால் போல நின்றது. திரையில் வலையும் இல்லை, நூலும் இல்லை. மார்கழிப் பனி மூட்டம்தான்.

"காலையில் என்ன சாப்பிட்டீங்க?" என்றார் பேராசிரியர்.

"ரத்தம்தான் சார்," என்றேன், நெஞ்சை நிமிர்த்தி.

அவர் நாற்காலியைக் கொஞ்சம் பின்னால் நகர்த்திக்கொண்டார்.

"ஏம்ப்பா இப்டி பேஜாரு பண்ற? அவரு கெளம்பிட்டா என் கதி என்னா?" பூங்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

மூலையில் உட்கார்ந்திருந்த செல்வி எழுந்து வந்து கையை நீட்டினாள். "நான் நேத்து ராவுலருந்து பச்சத் தண்ணிதான் குடிச்சிக்கினு இருக்கேன். என்னுத எடும்மா."

"உன் ஒடம்புல ஏது ரத்தம்?" என்றேன்.

"நீ கம்முனு இருய்யா."

கொஞ்ச நேரத்தில் திரையில் பச்சை நூல்கள் முளைத்தன. ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, நடுவில் சிவப்புச் சிவப்பாக அணுக்களைப் பிடித்து வைத்தன. பேராசிரியர் எழுந்து நின்றே பார்த்தார். ஆராய்ச்சி தொடர்கிறது.

அந்தப் படத்தைப் பெரிதாக்கி, கண்ணாடி போட்டு மில்லில் மாட்டிவிட்டாள் மகள். வருகிறவர்கள் எல்லாரும் அது என்னவென்று கேட்கிறார்கள். மரக்காணத்து மீன் வலை என்று சொல்லிப் பார்த்தேன். செல்வி விடுவதில்லை.

"அது என் ரத்தம்ங்க. அவரு ரத்தம் பாக்கணும்னா, அதோ, டின்னுல இருக்குது."