வரிக்காரனும் மத்தியானத் தூக்கமும்

"அப்போ இந்த வருஷம் ரோடியோ வேண்டாம். எல்லாருக்கும் சம்மதம்தானே?" என்று கேட்டுவிட்டு நடீன் ப்ரூயிட் தொப்பியை எடுத்துத் தலையில் வைத்துக்கொண்டாள். அவள் தொப்பி போட்டால் கமிட்டிக் கூட்டம் முடிந்தது என்று அர்த்தம்.

யாரும் மறுக்கவில்லை. எப்படி மறுப்பார்கள்? அதே சனிக்கிழமை பட்டணத்தில், கூரை போட்ட பெரிய அரங்கத்தில், தொழில்முறைக் காளைச் சவாரிப் போட்டி வருகிறது. டி.வி.யில் வேறு காட்டப் போகிறார்கள். ஒக்லஹோமாவில் காளை மேல் ஏறத் தெரிந்தவனெல்லாம் அங்கே ஓடிவிட்டால், எங்கள் கெட்டில் கிரீக் ஊர் ரோடியோவில், அதாவது காளைச் சவாரித் திருவிழாவில், தூசியைத் தவிர என்ன எழும்பும்? செயலாளரான நடீனுக்கே உள்ளூர நிம்மதிதான்.

மைதானத்தில் பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டு கூட்டத்தைச் சிரிக்க வைக்கும் கோமாளி பீவீ, நாற்காலியை மடக்கிக்கொண்டே சொன்னான்: "உனக்கென்ன நடீன், அன்னிக்குப் பட்டணத்துல முன் வரிசையில உக்காந்திருப்பே. உன் பையனைக் கூப்பிட்டிருக்காங்களாமே!"

நடீன் தொப்பியைக் கழற்றினாள்.

"எல்லாரும் உக்காருங்க" என்றாள்.

கார்சன் அவளுக்கு ஒரே பிள்ளை. போன கோடையில் ஒரு காளை அவனைத் தூக்கி எறிந்து விலா எலும்பை உடைத்தது. ஒரு மாதம் அவனால் தும்மக்கூட முடியவில்லை. அதுவும் உள்ளூர்க் காளை! பட்டணத்துக்கு வருகிற காளைகள் மனிதர்களைத் தூக்கிப் போடுவதற்கென்றே பரம்பரை பரம்பரையாகப் பொறுக்கி வளர்க்கப்பட்டவை.

"போகாதேடா" என்று ஒரு வார்த்தை சொல்லலாமே என்பீர்கள். எங்கள் ஊரில் அது நடக்காது. காளை மேல் ஏறுகிறவனிடம் பயத்தைப் பற்றிப் பேசவே கூடாது. அவனும் பேச மாட்டான். பேசினால் விழுவான் என்று ஒரு நம்பிக்கை. உடைந்த எலும்பைக் காட்டிச் சிரிப்போமே தவிர, பயமா என்று கேட்கிற வழக்கம் எந்த வீட்டிலும் கிடையாது.

அதனால் நடீன் வேறு வழியில் போனாள். அன்று மாலை சமையலறையில், பொரித்த கோழியை மகன் தட்டில் வைத்துவிட்டு அழுதாள். பாதி நடிப்பு, பாதி நிஜம்.

"எல்லாரும் பட்டணத்துக்கு ஓடறாங்க. நம்ம ரோடியோ இதோட போச்சு. நீயும் இல்லேன்னா எனக்கு வேற யாருடா இருக்கா?"

கார்சன் கோழியைப் பிய்ப்பதை நிறுத்தினான். "ரோடியோ வேண்டாம்னு முடிவு பண்ணப் போறதா ஊர்ல சொன்னாங்களே?"

"யார் சொன்னா? அது என் உசிரு!"

"சரிம்மா. இங்கேயே ஏறறேன்."

நடீனுக்குப் பரம சந்தோஷம். நல்ல காளைகளையெல்லாம், போட்டிகளுக்குக் காளை வளர்த்துத் தரும் வெர்ஜில் ஓக்ஸ் பட்டணத்துக்கு ஓட்டிக்கொண்டு போகப் போகிறான், இங்கே மிஞ்சுவது கிழங்கள்தான் என்று கணக்குப் போட்டாள். ஆனால் அழுகை என்பது வீட்டோடு நிற்கிற சமாசாரமா? வேண்டாம் என்ற கமிட்டியைத் திருப்ப முன்னமே அங்கேயும் அழுதிருந்தாள். கடைத்தெருவில் அழுதாள். ஊருக்கே ரோஷம் வந்துவிட்டது. "பட்டணத்தானுக்கு நாம இளைச்சவங்களா?" என்று வராதவனெல்லாம் டிக்கெட் வாங்கினான். வெர்ஜிலுக்கும் மனசு கேட்கவில்லை. சனிக்கிழமை காலையில் லாரியோடு வந்து நின்றான்.

"நடீன், என் நல்ல காளை ஒண்ணை உனக்காக நிறுத்திட்டேன். பட்டணத்துக்காரங்க கெஞ்சினாங்க. முடியாதுன்னுட்டேன்."

"எதை?" என்றாள்.

"வரிக்காரனை!"

யாரிடமும் எதையும் மிச்சம் வைக்காது என்பதால் அதற்கு அந்தப் பெயர். லாரிக்குள்ளிருந்து ஒரு இடி கேட்டது.

"ரொம்ப நன்றி, வெர்ஜில்" என்றாள் நடீன். வேறென்ன சொல்வாள்?

யாருக்கு எந்தக் காளை என்று தொப்பிக்குள் சீட்டுப் போட்டு எடுப்பது செயலாளர் வேலை. வாழ்நாளில் முதல் தடவையாக நடீன் தப்பு செய்தாள். ஒரு சீட்டை உள்ளங்கையில் மறைத்துக்கொண்டு, கார்சன் பெயரைப் படித்ததும் அதை எடுத்துக் காட்டினாள். மத்தியானத் தூக்கம்! எங்கள் பக்கத்திலேயே சாதுவான காளை அது. மீதிச் சீட்டுகளை மற்றவர்கள் எடுத்தார்கள். ஏற வந்தவர்களைவிடக் காளை ஒன்று அதிகம் என்பதால் வரிக்காரன் யாருக்கும் வராமல் மிஞ்சியது. அப்பாடா என்று அவள் ஒரு எலுமிச்சைச் சாறு வாங்கிக் குடித்தாள்.

மாலையில் மைதானம் நிரம்பி வழிந்தது. கடைசியாக கார்சன். கூண்டின் கதவு திறந்தது. மத்தியானத் தூக்கம் வெளியே நடந்து வந்தது. நின்றது. கொஞ்சம் யோசித்தது. விழாமல் தாக்குப்பிடிக்க வேண்டிய எட்டு வினாடி முடிந்து மணி அடித்தபோது அது வாலை மட்டும் ஆட்டியிருந்தது.

"காப்பி கொண்டு வரட்டுமா தம்பி?" என்று யாரோ கத்தினார்கள். கூட்டம் சிரித்தது. பின்வரிசைகள் எழுந்து கிளம்ப ஆரம்பித்தன.

நடுவர் ஆர்வில் மைக்கைப் பிடித்தார். "காளைக்குப் பாதி மார்க், பையனுக்குப் பாதி. இந்தக் காளைக்கு நான் என்னத்தைப் போட? கார்சன், வேணும்னா இன்னொரு காளை தர்றேன். உன் இஷ்டம்."

நடீன் தலையில் கை வைத்துக்கொண்டாள். இத்தனை வருஷமாகச் செயலாளர், விதிப்புத்தகத்தைத் தலைகீழாகச் சொல்லுவாள். துள்ளாத காளைக்கு மாற்றுக் காளை உண்டு என்பது மட்டும் அன்றைக்கு மறந்துபோயிற்று! மிஞ்சியிருந்த காளை ஒன்றே ஒன்று.

"வேண்டாம்னு சொல்லுடா, வேண்டாம்னு சொல்லு" என்று முணுமுணுத்தாள்.

கார்சன் எழுந்துபோகும் கூட்டத்தைப் பார்த்தான். அம்மாவைப் பார்த்தான். தொப்பியைத் தொட்டு, "குடுங்க" என்றான்.

எழுந்தவர்களெல்லாம் உட்கார்ந்தார்கள்.

நடீன் ஆர்விலிடம் ஓடினாள். "வரிக்காரன் நொண்டுது! என் கண்ணால பார்த்தேன். நிறுத்துங்க!"

ஆர்வில் நேர்மையான மனுஷர். கூண்டுக்கு வந்து ஒவ்வொரு காலாக ஒரு குச்சியால் தட்டிப் பார்த்தார். வரிக்காரனுக்கு அதுவரைக்கும் சும்மா கோபம்தான் இருந்தது. இப்போது பழிவாங்கும் வெறியே வந்துவிட்டது. பலகைகள் அதிர்ந்தன. பீவீ பீப்பாயை விட்டு இறங்கி அதன் பின்னால் நின்றுகொண்டான்.

"காலெல்லாம் நல்லாத்தான் இருக்கு. எனக்குத்தான் முட்டி போச்சு" என்றார் ஆர்வில்.

கதவு திறந்தது. நடீன் கண்ணை மூடிக்கொண்டாள். பெற்ற வயிறு வேறென்ன செய்யும்? கூட்டத்தின் சத்தத்தை மட்டும் கேட்டாள். ஏறியது, ஏறியது, மணியடித்தது, அப்புறம் எல்லோரும் ஒரே நேரத்தில் மூச்சை இழுத்தார்கள். கண்ணைத் திறந்தபோது கார்சன் வேலியோரம் மண்ணில் கிடந்தான். பீவீ தொப்பியை ஆட்டிக் காளையை அந்தப் பக்கம் இழுத்துக்கொண்டிருந்தான்.

ஆம்புலன்ஸ் வரைக்கும் எப்படி ஓடினாள் என்று அவளுக்கே தெரியாது. உள்ளே ஆம்புலன்ஸ் நர்ஸ் டோரீன் அவன் தோளுக்குக் கட்டுப் போட்டுக்கொண்டிருந்தாள். போன வருஷம் விலா எலும்புக்குக் கட்டுப் போட்டவளும் அவள்தான்.

"தோள் இறங்கியிருக்கு, அவ்வளவுதான் அக்கா. வேற ஒண்ணுமில்ல."

கார்சன் வெளுத்த முகத்தோடு சிரித்தான். "கூட்டம் போகல பார்த்தியாம்மா? பட்டணத்துல கூட இவ்வளவு கைதட்டல் இருந்திருக்காது."

வெளியே ஊர் முழுக்க அவன் பெயரைக் கத்திக்கொண்டிருந்தது. நடீன் வெளியே வந்து ஆம்புலன்ஸ் கதவில் சாய்ந்து, மூச்சு விட்டு, இந்தத் தடவை நடிப்பில்லாமல் அழுதாள். டோரீன் இறங்கி வந்து அவள் முதுகைத் தடவினாள்.

"அழாதீங்க அக்கா" என்றாள்.

"எப்படியோ பட்டணத்துக்குப் போகாம தடுத்துட்டேன்னு நினைச்சேன்" என்று தன்னைத்தானே திட்டுகிற குரலில் நடீன் சொல்ல ஆரம்பித்ததும், டோரீன் ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"பட்டணத்துக்கா? அவங்க கூப்பிட்ட அன்னிக்கே முடியாதுன்னுட்டானே! இந்த வருஷம் நம்ம ரோடியோவும் கிடையாதாம், இனிமே மாட்டு மேல ஏறவே வேண்டாம், தப்பிச்சேன்னு என்னைக் கட்டிப்பிடிச்சுக் குதிச்சான் அக்கா."