ஐஸ் கோட்டும் ஆறு பூனைகளும்

சித்தீக்கின் மடியில் மூன்றாவது பூனை ஏறியது.

"எல்லாம் உங்க வீட்டுப் பூனையா பாய்?" என்றார் டீக்கடை ரெத்தினம்.

"ஐயோ, இந்த ஐஸ் கோட்டால வந்த வினைங்க!"

சித்தீக்குக்கு மல்டிபிள் ஸ்கிளீரோசிஸ். நரம்பின் மேலுறை பழுதாகும் நோய். உடம்பு சூடானால் கால்கள் சொன்ன பேச்சைக் கேட்காது. அதற்காக நடக்காமல் இருந்தாலும் ஆகாது. அடுத்த மாதம் மகள் அஃப்ரீனுக்கு நிக்காஹ். பள்ளிவாசல் வரை முந்நூறு தப்படி. சக்கர நாற்காலி இல்லாமல் போய்ச் சேர வேண்டும் என்று நினைக்கும்போதே அவருக்குக் கண் கலங்கிவிடும்.

"உடம்பக் குளிர்ச்சியா வெச்சுக்கிட்டு நடங்க. அசதி வந்தா உட்காருங்க," என்றார் பிசியோதெரபிஸ்ட் குந்தவை. அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "வர்றதுக்கு முன்னாடியே உட்காராதீங்க," என்றும் சேர்த்துக்கொண்டார்.

மனைவி ஜன்னத் பீவி பழைய கோட்டில் பத்துப் பைகள் தைத்தார். அதிராம்பட்டினத்தில் மீன் ஐஸுக்கா பஞ்சம்? பைகளை நிரப்பி, தன் கையாலேயே பொத்தான் போட்டு அனுப்பினார்.

முதல் வாரம் நிம்மதி. நாற்பது தப்படி நடப்பார், டீக்கடை பெஞ்சில் ஒரு மணி நேரம் இளைப்பாறுவார். இரண்டாவது வாரம்தான் பூனைகள் வந்தன. நடந்தால் பின்னால் வந்தன. உட்கார்ந்தால் மடியில் ஏறின.

"ஐஸ்ல மீன் கவிச்சி அடிக்குது ஜன்னத்!"

"நாளையிலேருந்து நம்ம ஃப்ரிட்ஜ் ஐஸ்தாங்க."

மறுநாள் பூனை நான்கானது.

கோட்டின்மேல் அரைக் குப்பி அத்தரைக் கொட்டிக்கொண்டார். பூனைகளோடு ஓர் ஆடும் சேர்ந்துகொண்டது.

"மாப்பிள்ளை நீங்களா, உங்க மருமவனா?" என்றார் ரெத்தினம்.

வெட்கப்பட்டு அடுத்த தெரு வழியாகப் போனார். அந்தத் தெருப் பூனைகளும் சேர, கணக்கு ஆறு. பெஞ்சில் உட்காருவதையே விட்டுவிட்டார். மூச்சு வாங்கினால் சுவரில் சாய்ந்து நின்றார், பிறகு நடந்தார். ஒருநாள் பூனையை விரட்டக் கைத்தடியை ஓங்கியவர், அதை ஊன்றாமலேயே பத்துத் தப்படி போய்விட்டார். அது அவருக்கே தெரியாது. நிமிர்ந்து பார்த்தால் எதிரே பள்ளிவாசல் வாசல்! அங்கேயே நின்று தேம்பித் தேம்பி அழுதார்.

மறுநாள் குந்தவை வீட்டுக்கே வந்து நடக்கவிட்டுப் பார்த்தார்.

"முந்நூறு தப்படி! எப்படி சார் முடிஞ்சுது?"

"எல்லாம் மன உறுதிம்மா," என்று மீசையைத் தடவினார் சித்தீக். ஜன்னத் பீவி முக்காட்டை வாயருகே இழுத்துக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, கருவாட்டுக் கூடையோடு காளியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

"பாயம்மா, கோட்டுப் பையில போடுற நெத்திலி கொண்டாந்துருக்கேன். பாய் இன்னும் டீக்கடையில போய் உக்கார்றாரா, இல்ல இன்னையோட நிறுத்திடலாமா?"